விற்கப்படாத பரிசு அட்டை

அந்த அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் துணைவிதி. தேநீர்ச் செலவுக்கு ஒப்புதல் கேட்டாலும் சரி, ஓடாத மின்விசிறியை மாற்றக் கேட்டாலும் சரி, "எந்தத் துணைவிதிப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவின் மூடியைக் கழற்றுவார். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தார். கடைசி நான்கு ஆண்டுகளை முழுவதுமாகப் பரிசு அட்டைகள் தின்றன. கடையில் பணம் கட்டி ஓர் அட்டையை வாங்கி வேண்டியவருக்குப் பரிசாகக் கொடுக்கிறோம். அவர் அதை எடுத்துக்கொண்டு ஆசையாகக் கடைக்குப் போகும்போதுதான் அது போன மாதமே காலாவதியாகிவிட்டது தெரியவருகிறது. ஒரு செவிலியருக்குத் தங்கை கொடுத்த அட்டை. பிரசவம் முடிந்து குழந்தைக்குத் தொட்டில் வாங்கப் போனபோது, மாதாமாதம் "பயன்படுத்தாக் கட்டணம்" என்று கழித்துக் கழித்து அதில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்தப் புகாரைப் படித்த அன்று துணைவிதி சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டார்.

அதிலிருந்து பிறந்தவைதான் பரிசு அட்டை விதிகள். அட்டை ஐந்து ஆண்டுகளுக்குக் காலாவதியாகக் கூடாது. சும்மா வைத்திருந்ததற்குக் கட்டணம் பிடிக்கக் கூடாது. நிபந்தனைகளைக் கண்ணில் படும் அளவில் அச்சிட வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் வணிகர் சங்கத்தோடு பதினேழு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் சங்கத்தின் வழக்கறிஞர் பிஸ்கட்டை முடித்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நாங்க விளம்பரத்துக்காகச் சும்மா குடுக்கிற கார்டுக்கும் அஞ்சு வருஷமா, மேடம்? யாரும் காசு குடுக்கல. யாருக்கும் நஷ்டமில்ல. அதையும் கட்டிப் போட்டா எப்படி?"

துணைவிதி யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. பதினேழாவது கூட்டத்தில் ஏழாம் விதியின் மூன்றாவது துணைவிதியைத் தம் கையாலேயே எழுதினார்: "விலை பெறாமல், விளம்பரத்துக்காகவோ நல்லெண்ணத்தின் பேரிலோ வழங்கப்படும் அட்டைகளுக்கு இவ்விதிகள் பொருந்தா." எழுதி முடித்துவிட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைக்காததுகூட அவருக்கு உறைக்கவில்லை.

விதிகள் நடைமுறைக்கு வந்து மூன்றாவது மாதம் பணி ஓய்வு. கூட்ட அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு இருபத்து மூன்று பேருக்கும் விருந்து. இனிப்பை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான்கு ஆண்டும் அவருக்குக் கோப்பு எடுத்துக் கொடுத்து, இனி அவர் நாற்காலிக்கு வரவிருந்த கண்ணாடிக்காரர் எழுந்து நின்று ஓர் உறையை நீட்டினார்.

"எல்லாரும் சேர்ந்து குடுக்கிறது, மேடம். என்ன குடுக்கிறதுன்னு ரொம்ப யோசிச்சோம். உங்களுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு இருக்காதுன்னு தோணிச்சு."

உள்ளே வீட்டுச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையின் பரிசு அட்டை. துணைவிதி அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். வருடக் கடைசியில் கடைகள் அனுப்பும் கூடைகளையும் பெட்டிகளையும் முகப்புக் கடிதம் வைத்து, மூன்று படி எடுத்து, ஒன்று விடாமல் திருப்பி அனுப்பியவர் அவர். யாரிடமும் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. "அஞ்சு வருஷம் இருக்கு. நிதானமா வாங்கிக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டில் கணவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது ஆண்டுகள் தனியார் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். எந்தக் கூட்டத்திலும் பேசியே வழி பண்ணிக்கொள்ளத் தெரிந்த ஆள்.

"பின்னாடி ஏதோ பொடியா எழுதியிருக்கே."

"இப்ப பொடியா எழுத முடியாதுங்க. எழுத்தளவுக்கு விதி இருக்கு."

"ஆனா எழுதியிருக்கான்."

"பழைய அச்சா இருக்கும். இருக்கிறதைத் தீர்த்துக்க ஆறு மாசம் டைம் குடுத்திருக்கோம்."

"சரி, நாளைக்கே போய் எதையாவது வாங்கிட்டு வந்துருவோம்."

"எதுக்கு அவசரம்? அவசரமில்லாம வாங்கணும்னுதானே நாலு வருஷம் உழைச்சேன்?"

அட்டை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் போயிற்று. அவ்வப்போது அலமாரியைத் திறக்கும்போது துணைவிதி அதைத் தொட்டுப் பார்ப்பார். தாம் எழுதிய சட்டம் தம் வீட்டு அலமாரியிலேயே நிம்மதியாகத் தூங்குகிறது என்பதில் ஒரு திருப்தி.

இரண்டு ஆண்டுகள் ஓடின. ஒருநாள் காலை வாஷிங் மெஷின் உறுமியது, நடுங்கியது, வயிறு நிறையத் தண்ணீரோடு நின்றுவிட்டது. கண்டக்டர் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி ஈரத்துணிகளை வெளியே இழுத்தார். துணைவிதி அலமாரியைத் திறந்தார்.

கடையில் கண்டக்டர் அரைமணி நேரத்தில் விற்பனையாளரை வசப்படுத்திவிட்டார். மெஷினோடு ஒரு மேலுறையும், இரண்டாவது மாடி வரை தூக்கிக் கொண்டுவருவதும் பேசி முடித்தாயிற்று. பணம் கட்டும் இடத்தில் அட்டையைத் தேய்த்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தேய்த்தார்கள். மறுபடியும் சிவப்பு. வாடிக்கையாளர் சேவை என்று எழுதிய மேசைக்குப் போகச் சொன்னார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "இது எக்ஸ்பயர் ஆயிடுச்சு, மேடம். ஒரு வருஷம்தான் செல்லும்" என்றாள்.

துணைவிதியின் முகம் மலர்ந்ததைக் கண்டக்டர் பார்த்தார். இந்தத் தருணத்துக்காகவே அவர் கைப்பையில் விதிகளின் நகல் இரண்டு ஆண்டுகளாக மடிந்து கிடந்தது. அதை எடுத்து மேசைமேல் விரித்துக் கையால் நீவிவிட்டார்.

"அம்மா, கோபப்படாம கேளு. மூணாம் விதியைப் படி. அஞ்சு வருஷம். நீ சொல்ற ஒரு வருஷத்துக்குச் சட்டத்துல இடமே இல்ல."

அந்தப் பெண் கோபப்படவில்லை. மரியாதையாகப் படித்தாள். பிறகு அட்டையின் எண்ணைத் தட்டினாள். திரையை உற்றுப் பார்த்தாள்.

"மேடம், அது வித்த கார்டுக்கு. இது விக்கவே இல்லையே."

"அப்படின்னா?"

"காம்ப்ளிமெண்ட்ரி. வருஷக் கடைசியில ஆபீஸ்களுக்குச் சும்மா அனுப்புவோம். இதுக்கு ஏழாம் விதி, மூணாவது துணைவிதி." மேசைக்கடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து, விரலை வைத்து வாசித்தாள். "விலை பெறாமல், விளம்பரத்துக்காகவோ நல்லெண்ணத்தின் பேரிலோ... தினமும் யாராவது வந்து சண்டை போடுவாங்க, மேடம். வக்கீலைக்கூடக் கூட்டிட்டு வந்தாங்க. ஒண்ணும் பண்ண முடியல. எழுதினவங்க நல்லா யோசிச்சு எழுதியிருக்காங்க."

துணைவிதி தாளைப் பார்த்தார். அவர் போட்ட காற்புள்ளி போட்ட இடத்திலேயே இருந்தது.

"எந்த ஆபீஸுக்கு அனுப்பினதுன்னு இருக்கா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம்னு போட்டிருக்கு, மேடம்."

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்திருக்கும். சிரிக்கவில்லை. நகலை எடுத்து மடித்து மனைவியின் பைக்குள் வைத்தார். மேலுறை தர ஒத்துக்கொண்ட விற்பனையாளரிடம் போய், "அப்புறம் வரோம், தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுப் படியேறும்போதுதான் துணைவிதி வாய் திறந்தார்.

"மெஷின் போனா போகட்டுங்க. அவங்களுக்கெல்லாம் நான் நன்றிக் கடிதம் எழுதினேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. இருபத்திரண்டு கடிதம்."

மறுநாள் பழைய அலுவலகத்துக்குப் போனார். நேரே உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. வாசலில் டோக்கன் எடுத்துக்கொண்டு புகார்தாரர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சின் ஒரு கால் குட்டை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நாற்பது நிமிடம் கழித்துக் கண்ணாடிக்காரர் பதறிக்கொண்டு வந்து அழைத்துப் போனார்.

அட்டையை மேசைமேல் வைத்தார் துணைவிதி. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"இதை நீங்க இவ்வளவு நாள் வச்சிருப்பீங்கன்னு நினைக்கல, மேடம். எல்லாரும் அடுத்த வாரமே வாங்கிருவாங்க."

"எனக்கு அஞ்சு வருஷம்னு நினைச்சேன்."

"தெரியும், மேடம். நீங்க அன்னைக்குச் சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும்."

கதை சின்னதுதான். எல்லாரும் பணம் போட்டது உண்மை. ஆனால் விருந்துக்கு ஏற்பாடு செய்தபோது அது முழுவதும் சாப்பாட்டுக்கே சரியாகிவிட்டது. வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இழுப்பறையில் அந்த அட்டை கிடப்பது நினைவுக்கு வந்தது.

"வருஷக் கடைசியில வந்ததைத் திருப்பி அனுப்பச் சொன்னேனே?"

"சொன்னீங்க. திருப்பி அனுப்ப முகப்புக் கடிதம் வேணும், மூணு படி வேணும், உங்க கையெழுத்து வேணும். அந்த வாரம் நீங்க லீவு. அப்புறம் அப்படியே தங்கிடுச்சு." கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்களே, மேடம். அதுதான் எங்க பரிசு. அதை நீங்க அன்னைக்கே வாங்கிக்கிட்டீங்க."

துணைவிதி கோபப்படத்தான் வந்திருந்தார். ஆனால் அந்தப் பதிலில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு வேறொன்று உறைத்தது. அன்றைக்கு உறையை வாங்கியபோது மணி மூன்று. பணி முடிந்தது ஐந்துக்கு. அப்படியானால் ஒரு கடையிடமிருந்து அன்பளிப்பு வாங்கிய அதிகாரி இங்கே யாரும் இல்லை, அவரைத் தவிர.

"வெள்ளைத்தாள் இருக்கா?"

"மேடம், என் மேல புகாரா?"

"உங்க மேல இல்ல. இதைக் கடைக்குத் திருப்பி அனுப்பணும்."

"இது செத்த கார்டு, மேடம்."

"செத்துப்போனா அவங்களோடது என்னோடதாயிடுமா?"

கடிதம் நான்கே வரி. மேற்படி அட்டையைப் பணியிலிருந்தபோது அறியாமல் பெற்றுக்கொண்டேன். இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ஒப்புகை தேவை. கீழே கையெழுத்து, முன்னாள் பதவி, துறைக்கு ஒரு படி என்ற குறிப்பு.

இருபத்தெட்டு ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதங்களிலேயே இதைப் போல் ஒளிவுமறைவு இல்லாதது வேறு கிடையாது. அதனாலேயே கடையின் தலைமை அலுவலகத்தில் யாரும் அதை நம்பவில்லை. சட்டப் பிரிவினர் நான்கு வரியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காத குறைதான். விதியை எழுதினவரே அட்டையைத் திருப்பி அனுப்புகிறார், துறைக்கும் படி போகிறது, தேதியிட்ட ஒப்புகை கேட்கிறார். ஒப்புகை கொடுத்தால், அரசு அலுவலகத்துக்கு அன்பளிப்பு அனுப்பியதை எழுத்தில் ஒத்துக்கொண்டது ஆகாதா?

நான்காம் நாள் கடையின் மேனேஜர் வீடு தேடி வந்தார். கூடத்தில் கயிறு கட்டி ஈரத்துணி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு போர்வையை விலக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம், உங்களுக்கு என்ன வேணும்னு மனசு விட்டுச் சொல்லுங்க."

"ஒப்புகை."

"அது சரி, மேடம். அதுக்கு மேல?"

"தேதி போட்டு."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வாடிக்கையாளர்களைச் சமாளித்திருக்கிறார். இப்படிப் பிடி கொடுக்காத ஆளைப் பார்த்ததில்லை. தலைக்குமேல் தொங்கிய சட்டையிலிருந்து அவர் தோளில் ஒரு சொட்டு விழுந்தது.

"மெஷின் ரிப்பேரா?"

"ஆமா, சார்" என்றார் கண்டக்டர்.

"அது வேற விஷயம்" என்றார் துணைவிதி.

மேனேஜர் ஒரு புது உறையை மேசையில் வைத்துவிட்டு வேகமாகப் படியிறங்கிவிட்டார். அதில் இரு மடங்கு மதிப்புக்கு ஓர் அட்டை. மறுநாளே முகப்புக் கடிதத்தோடும் மூன்று படிகளோடும் அது திரும்பிப் போயிற்று. அடுத்த வாரம் ஒரு சிறிய லாரி வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு புது வாஷிங் மெஷினை மூச்சு வாங்க இரண்டாவது மாடிக்குத் தூக்கி வந்தார்கள். துணைவிதி காய்கறி வாங்கப் போயிருந்தார். கண்டக்டர் வழிவிட்டு, எங்கே வைக்க வேண்டும் என்றும் காட்டிக்கொண்டிருந்தார். துணைவிதி பையோடு வந்து வாசலில் நின்றார்.

"யாரு வரவழைச்சது?"

"யாரும் வரவழைக்கல. அதுவா வந்துச்சு" என்றார் கண்டக்டர்.

"அதுவாவே போகட்டும்."

தூக்கி வந்தவர்களில் மூத்தவர் மெஷின்மேல் சாய்ந்துகொண்டு, "அம்மா, ஏத்தினதுக்குத்தான் கூலி பேசினாங்க. இறக்கறதுக்கு யாரும் பேசல" என்றார். துணைவிதி அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இறக்குகூலியைத் தாமே கொடுத்து ரசீது எழுதி வாங்கிக்கொண்டார். மெஷின் படியில் இடித்து இடித்து இறங்கிப் போவதைக் கண்டக்டர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஊரில் எல்லாருக்கும் பேசிப் பேசி இடம் வாங்கிக் கொடுத்தவரால் ஒரு மெஷினுக்குத் தம் வீட்டில் இடம் வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

மூன்றாவது முறை கடை வேறு வழியில் இறங்கியது. செய்தித்தாளில் அரைப்பக்க விளம்பரம். "வாடிக்கையாளர் நலனே எங்கள் நலன். இலவச அட்டைகள் உட்பட எங்கள் பரிசு அட்டைகள் அனைத்தும் இனி ஐந்து ஆண்டுகள் செல்லும். காலாவதியான இலவச அட்டைகளையும் கொண்டுவரலாம்." துணைவிதி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நட்சத்திரக் குறி ஏதும் இல்லை. பதினேழு கூட்டத்தில் வராதது, ஒன்றுமே கேட்காமல் வந்திருந்தது. அதுவும், வேண்டாம் என்று அவரே விட்டுக்கொடுத்தது.

இரண்டே மாதத்தில் எதிர்க்கடையும் அப்படியே அறிவித்தது. பிறகு மற்ற பெரிய கடைகளும். சேவை மேசைப் பெண் பிளாஸ்டிக் உறை போட்ட அந்தத் தாளைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டதாக, கடைக்குப் போய் வந்த கண்டக்டர் வந்து சொன்னார். ஒப்புகை மட்டும் வரவில்லை. துணைவிதி இரண்டு நினைவூட்டல் அனுப்பினார். இரண்டுக்கும் பதிலாக மேனேஜர் தொலைபேசியில் நலம் விசாரித்தார்.

ஒரு நாள் கண்ணாடிக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், வணிகர் சங்கமே மனு குடுத்திருக்கு. எல்லாரும் அஞ்சு வருஷம் குடுக்கிறப்ப சில கடைங்க மட்டும் குடுக்கலயாம். அது நியாயமில்லாத போட்டியாம். ஏழாம் விதி மூணாவது துணைவிதியை எடுத்துரச் சொல்றாங்க. அதே வக்கீல்தான். மேலிடத்துல உங்க கருத்தைக் கேட்டாங்க."

துணைவிதி தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். நான்கு ஆண்டு உழைப்பில் அவர் மிகவும் பெருமைப்பட்ட ஒரே வாக்கியம் அது.

"எழுத்துல கேளுங்க" என்றார்.

அந்த வாரக் கடைசியில் கண்டக்டர் பழைய பேருந்து நிலையப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். மெக்கானிக் பழைய மெஷினைக் கவிழ்த்து, அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு சட்டைப் பொத்தானை எடுத்துக் காட்டினார். தண்ணீர் போகும் வழியை அதுதான் அடைத்திருந்தது. கால்மணி நேர வேலை.

"இதுக்காகவா புது மெஷின் பாத்தீங்க?" என்றார் மெக்கானிக்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மெஷின் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கியது. சமையலறை மேசையில் துறையின் கடிதம் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. துணைவிதி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் கூடத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க நாற்காலிமேல் ஏறினார்.

"என்ன எழுதப் போற?"

"எடுத்துரலாம்னுதான்."

"அதுக்கு ஒரு வரி போதுமே."

"ஒரு வரிதாங்க. காரணத்துக்கு ரெண்டு பக்கம் ஆகும்."

கண்டக்டர் முடிச்சில் மும்முரமானார். அது லேசில் அவிழ்வதாக இல்லை.